ஐந்து நொடியில் பார்த்த பெண்

போனை என் மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "என்ன பாத்தீங்கம்மா?" என்று கேட்டேன்.

பேச்சியம்மாள் கவிழ்ந்து கிடந்த போனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். காமயகவுண்டன்பட்டியில் அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். நல்ல காலை வெயில். பின்பக்கத் திராட்சைத் தோட்டத்தில் யாரோ மருந்தடிக்கிற மோட்டார் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. அது நின்றபோதெல்லாம் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூட எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது.

"தலைக்குக் குளிச்சிருக்கா" என்றார் ஒருவழியாக.

"யாரு?"

"சடைய முன்னால எடுத்துப் போட்டுருக்கா. கனகாம்பரம் வச்சிருக்கா."

எனக்கு எரிச்சல் வந்தது. போனில் இருந்த அந்தத் திரையை நான் பல நாளாக ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டுகூட அதை வரைந்துவிடுவேன். கறுப்புப் பின்னணி. நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு பெண்ணின் முகம், நெற்றியிலிருந்து தாடை வரைக்கும்தான். சடையும் கிடையாது, பூவும் கிடையாது.

"யம்மா, படத்துல பாத்தத மட்டும் சொல்லுங்க. மனசுல தோணுறதெல்லாம் வேண்டாம்."

"படத்துலதான்த்தா பாத்தேன்" என்றார். குரலில் கோபமோ தயக்கமோ எதுவும் இல்லை. "எங்க ஈஸ்வரியில்ல அது."

ஈஸ்வரி அவருடைய மூத்த மகள். அவள் இறந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது என்பது அந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது.

என் பிழைப்பு

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் உத்தமபாளையத்து ராவுத்தர் வீட்டுப் பெண். சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை. செல்போன் செயலிகளை வெளியே விடுவதற்கு முன்னால், அதைப் பயன்படுத்தப் போகிறவர்களிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர்களுக்கு என்ன படுகிறது என்று கேட்டு வருவேன். "அதுக்கு ஒரு சம்பளமா?" என்று என் அம்மா இன்றைக்கும் கேட்பார்.

அதில் ஒரு சோதனை இருக்கிறது. திரையை ஐந்து நொடி காட்டுவோம். உடனே மறைத்துவிடுவோம். என்ன பார்த்தீர்கள், எதைப் பற்றியது, மனசுக்கு எப்படி இருந்தது? இந்த மூன்று கேள்விதான். படிக்க நேரம் கொடுத்தால் மனிதர்கள் யோசித்து, நமக்குப் பிடித்த மாதிரி பதில் சொல்வார்கள். ஐந்து நொடியில் அதற்கு அவகாசம் கிடையாது.

முதல் பார்வை ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் வாய்க்கும். காட்டியவருக்கே திரும்பக் காட்டினால் அது இரண்டாம் பார்வை, எங்களுக்கு உதவாது. அதனால்தான் புதுப்புது ஆட்களைத் தேடி பஸ் ஏறி இறங்குகிறேன். வரைந்தவனுக்கும் எனக்கும் முதல் பார்வை என்றைக்கோ போய்விட்டது.

அந்தத் தடவை செய்தது, மலைக்கு வேலைக்குப் போகிற பெண்களின் வீட்டாருக்கான செயலி. விடியும் முன்னே ஜீப் ஏறி, கம்பம் மெட்டு வழியாகக் கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், சாயந்திரம் திரும்புகிறவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். ஜீப் மலையை விட்டு இறங்கியதும் டிரைவர் ஒரு பொத்தானை அழுத்துவார். வீட்டிலிருக்கிற போனில் மணி அடித்து, வரவேண்டிய பெண்ணின் முகம் தெரியும். கீழே "பத்திரமா வந்தாச்சு" என்று ஒரு வரி. அவ்வளவுதான் சங்கதி. மழைக்காலத்தில் பனி இறங்கிவிட்டால் அந்த வளைவுகளில் என்ன நடக்கும் என்று வீட்டிலிருப்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் வயிற்றில் பால் வார்ப்பதற்காகத்தான் அந்தச் செயலி.

பேச்சியம்மாள் மாதிரி ஆட்களுக்காகவே செய்தது என்றும் சொல்லலாம். அவர் புருஷன் திருப்பூர்ப் பக்கம் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். ஈஸ்வரி வந்த ஜீப் ஒரு மழை நாளில் வளைவில் கவிழ்ந்தது. இப்போது சின்னவள் நந்தினி அதே பாதையில் போய் வருகிறாள். போகாதே என்று சொல்ல அந்த வீட்டில் வழியில்லை. நாலு மணி ஆனதும் பேச்சியம்மாள் பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்றுவிடுவாராம். அவள் இறங்கும்வரை யாரோடும் பேசமாட்டாராம், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாராம். இதெல்லாம் அன்று அவரே சொன்னது.

குச்சனூர் டீக்கடை

அந்தத் திரையை முதன்முதலில் குச்சனூரில்தான் காட்டினேன். சனிக்கிழமை. சனீஸ்வரர் கோயிலுக்கு வந்த கூட்டம் ரோடெல்லாம் எள் விளக்கும் கறுப்புத் துணியுமாக நெரிந்துகொண்டிருந்தது. ஒதுங்கியிருந்த ஒரு டீக்கடையில் ஆரம்பித்தேன்.

கடைக்காரரிடம் காட்டினேன். ஐந்து நொடி. மறைத்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"யாரும்மா? சின்ன வயசா இருக்கே" என்றார் மெதுவாக.

எனக்குப் புரியவில்லை. பெஞ்சில் இருந்த அடுத்த ஆளிடம் காட்டினேன். வெள்ளைச் சட்டை, நல்ல விவரமான மனிதர்.

"எப்ப எடுக்குறாக?" என்று கேட்டார்.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். மூன்றாவதாக ஒரு அம்மாள், அர்ச்சனைத் தட்டோடு உட்கார்ந்திருந்தவர், பார்த்த மாத்திரத்தில் உச்சுக்கொட்டினார். "கண்ணீர் அஞ்சலின்னு போட்டுருக்கே, பாவம். கல்யாணம் ஆன புள்ளையா?" என்றார். அப்படி ஒரு எழுத்து அந்தத் திரையில் எங்கேயுமே இல்லை.

தமிழ்நாட்டில் பஸ் ஏறி இறங்குகிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கறுப்புத் தாள், வட்டத்துக்குள் முகம், கீழே ஒரு வரி. ஒவ்வொரு ஊர்ச் சுவரும் தினமும் நமக்குக் காட்டுகிற படம் அது. பெங்களூரிலிருந்து இதை வரைந்த வசந்த்தும் சேலத்துப் பையன்தான். அவனுக்கு எப்படித் தோன்றாமல் போனது? எனக்குத்தான் எப்படித் தோன்றாமல் போனது? எங்கள் வீட்டில் இறந்தவர் படத்துக்கு மாலை போடுகிற வழக்கம் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் என்னைப் பெற்ற அத்தா மௌத்தான அன்று, அவரோடு வியாபாரம் செய்தவர்கள் பஸ் ஸ்டாண்டு நெடுக ஒட்டிய போஸ்டரில் அவர் இதே வட்டத்துக்குள் இருந்து என்னைப் பார்த்தாரே.

டீக்கடையை விட்டு வெளியே வந்து போனை எடுத்துப் பார்த்தேன். அதுவரைக்கும் அழகான, தெளிவான முகப்புத் திரையாக இருந்தது, இப்போது செத்துப்போன பெண்ணாகத் தெரிந்தது. எவ்வளவு முறைத்துப் பார்த்தும் பழையபடி தெரியவேயில்லை.

வசந்த்தைக் கூப்பிட்டுக் கத்தினேன். "மேடம், கறுப்பு இப்ப எல்லா இடத்துலயும் போகுது. அழகா இருக்கும்" என்றான்.

"அழகாத்தான் இருக்கு வசந்த். எழவு வீட்டுக்கு."

ஆனாலும், ஒத்துக்கொண்ட ஊர்களை முடித்துவிட்டு வாருங்கள் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் நான் காமயகவுண்டன்பட்டிக்குப் போனது.

ஸ்டுடியோ பாய்

முகம் என்றதும் எனக்கு எங்கள் ஊர் ஸ்டுடியோ பாய் ஞாபகம் வந்துவிடுகிறார். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், பெரிய பள்ளிவாசலுக்குப் போகிற தெருவில் போட்டோ எடுக்கும் கடை வைத்திருந்தார். செத்துப்போன அப்பாவை மகள் கல்யாணப் படத்தில் ஒட்டித் தருவது, ஒன்றாக நின்று படம் எடுத்துக்கொள்ளாத புருஷன் பெண்டாட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது எல்லாம் அவருக்கு அத்துப்படி. கோட்டு போடாத ஆளுக்கும் கோட்டு வரைவார். அந்தப் பக்கத்தில் இறந்தவர்கள் பாதிப்பேர் ஒரே கோட்டில்தான் சுவரில் தொங்குகிறார்கள்.

அவரே சொல்லிச் சிரித்த கதை இது. கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விதவை வந்தாராம். புருஷன் இருந்தவரை ஒரு படமும் எடுத்ததில்லை. எப்படி இருப்பார் என்று கேட்டால் அழுகை மட்டும்தான் வந்ததாம். பாய் பரிதாபப்பட்டு, யாரும் வாங்க வராமல் கிடந்த பழைய படங்களை எல்லாம் எடுத்துப் பரப்பினாராம், மூக்கு இப்படியா, மீசை இப்படியா என்று கேட்பதற்காக. அந்த அம்மாள் ஒரு படத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, "இவுகதான்" என்றாராம். இல்லையம்மா, இது வேற ஆள் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பெரிசாக்கி, சட்டம் போட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"அந்த ஆளு சின்னமனூர்ல வாழக்கா ஏவாரம் பாக்குறான் பாப்பா. உசுரோட இருக்கான். தெனமும் கூடலூர்ப் பக்கம் ஒருத்தி அவனுக்கு மால போட்டுக்கிட்டு இருக்கா. எனக்கு அவனப் பாக்குறப்பல்லாம் ஒரு மாதிரி இருக்கும்" என்பார் பாய். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர், முடிக்கும்போது சிரிக்கமாட்டார்.

கனகாம்பரம்

பேச்சியம்மாள் ஈஸ்வரி பெயரைச் சொன்னதும், நானும் அந்த விதவையைத்தான் நினைத்துக்கொண்டேன். மனசு தேடிக்கொண்டிருக்கிற முகத்தைக் கண் எங்கே வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடும். அதிலும் ஐந்து நொடியில். எங்கள் தொழிலில் இது ஒன்றும் புதிதில்லை. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அன்று சாயந்திரம் நந்தினி வந்ததும் அவளிடமும் காட்டினேன். இருபது வயசு இருக்கலாம். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, உடம்பெல்லாம் ஏலக்காய் வாசம். நிதானமாகவே பார்க்கவிட்டேன்.

"இது எங்கக்கா இல்ல. அக்காவுக்கு மூஞ்சி நீளம். இது உருண்ட மூஞ்சி" என்றாள். பிறகு அம்மா காதில் விழாமல், "என்ன சொன்னாக?" என்று கேட்டாள்.

சடையையும் பூவையும் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"கடைசியா ஜீப் ஏறுன அன்னைக்கு அக்கா அப்படித்தான் இருந்துச்சு. யாரோ கொடுத்த கனகாம்பரம். காட்டு வேலைக்கு எதுக்குடி பூவுன்னு அம்மா வஞ்சாக."

எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் வசந்த்தைக் கூப்பிட்டு, அந்தப் படம் யாருடையது என்று கேட்டேன். யாருடையதும் இல்லை, கம்ப்யூட்டரே உருவாக்கியது என்றான். தமிழ் கிராமத்துப் பெண், வயது இருபதுக்குள் என்று கேட்டானாம், அது கொடுத்ததாம்.

"வட்டத்துக்கு வெட்டுறதுக்கு முன்னாடி இருந்த முழுப்படம் இருக்கா?"

அனுப்பினான். உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், பளீரென்ற வெயிலில் நின்று அதைத் திறந்தேன்.

சடை முன்னால் கிடந்தது. காதுக்குப் பின்னாலிருந்து தோள்வரைக்கும் கனகாம்பரம். தலை ஈரம் காயாத மாதிரி நெற்றியோரம் முடி ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். துவைத்த துணியோடு மேலே வந்த அம்மா, "என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்று கேட்டார். நான் வசந்த்தைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"தமிழ்ப் பொண்ணுன்னு கேட்டா அது பூ வைக்கத்தான் செய்யும் மேடம்" என்றான் வசந்த். அவன் சொல்வது நியாயம்தான். நானும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

ஒரு வார ஒத்திகை

சோதனைக்கு இரண்டாவது பாகம் ஒன்று உண்டு. ஒத்துக்கொள்பவர்களின் போனில் செயலியை ஏற்றிவிட்டு, ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்வோம். டிரைவர், பொத்தான் எதுவும் அப்போது தயாராகவில்லை. தினமும் ஐந்தரைக்கு மணி அடித்து அதே பெண்ணின் படத்தைக் காட்டும், அவ்வளவுதான். வெறும் ஒத்திகை என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தோம்.

பேச்சியம்மாளுக்கு அதை ஏற்ற எனக்கு மனசே இல்லை. அவர்தான் விடவில்லை. "எல்லாருக்கும் போடுற, எனக்கு மட்டும் இல்லையாக்கும்?" என்று போனை என் கையில் திணித்தார்.

வாரம் முடிந்து போனபோது மற்ற வீடுகளில் எல்லாம் செம வசவு வாங்கினேன். "தெனமும் பொழுது சாயுற நேரத்துக்கு இழவுச் சேதியா அனுப்புற?" என்றார் ஒரு கிழவர். ஒரு வீட்டில் முதல் நாளே செயலியைத் தூக்கிவிட்டார்கள். பேச்சியம்மாள் மட்டும் முகம் தெளிந்து, தலை வாரி, வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பஸ் ஸ்டாப்புக்குப் போவதை விட்டுவிட்டாராம். பயம் போய்விட்டதாம். "நல்ல சாமானத்தா இது" என்றார்.

அழிக்கட்டுமா என்றதும் போனை இடுப்பில் செருகிக்கொண்டார். "இருக்கட்டும்த்தா. அது பாட்டுக்கு இருக்கு."

வற்புறுத்திப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை. அங்கிருந்தே நிறுத்திவிடு என்று வசந்த்திடம் சொன்னேன், நிறுத்திவிட்டேன் என்றான். திரையையும் மாற்றினார்கள். முகம் போய், பச்சை நிறத்தில் ஒரு ஜீப் வந்தது. வேறு ஊர்களில் காட்டினோம். ஜீப், வீடு, சாயந்திரம் என்று சொன்னார்கள். யாரும் துண்டை எடுக்கவில்லை. எனக்கும் மூச்சு வந்தது.

சில வாரம் கழித்து நந்தினி போன் செய்தாள். "அக்கா, ஒருக்க வந்துட்டுப் போங்க" என்றாள். எதற்கு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

மழை

நான் போன அன்று மத்தியானத்திலிருந்தே மழை. மலை இருந்த இடமே தெரியவில்லை, வெறும் சாம்பல் நிறம்தான். டவுன் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஸ்டாப்பில் பெண்கள் குடையும் சாக்குமாகக் கூடி நின்றார்கள். ஜீப் இன்னும் இறங்கவில்லை. "செக்போஸ்ட் தாண்டிட்டானாம், கொழப்பமில்ல" என்று யாரோ போனில் கேட்டுச் சொன்னார்கள். மகள்களுக்காக நின்ற அந்தக் கும்பலில் பேச்சியம்மாள் இல்லை.

அவர் வீட்டில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பலகை, அதன்மேல் போன்.

"வாத்தா. இந்த மழையிலயா வந்த?"

"ஜீப் இன்னும் வரலையாம்மா."

"வருவா. மழைன்னா மெதுவாத்தான வருவான்."

எதிரே உட்கார்ந்தேன். ஐந்தரை ஆனது. போனைப் பார்த்தேன். அடிக்கவில்லை. வசந்த் நிறுத்தித்தான் இருக்கிறான் என்று நெஞ்சு லேசானது. நந்தினி சும்மா பயந்திருக்கிறாள், பேசித் தேற்றிவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தேன். பேச்சியம்மாள் பதற்றமே இல்லாமல் ஒவ்வொரு கொட்டையாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஆறு மணியும் தாண்டியது.

அப்போது மணி அடித்தது.

பலகையில் போன் ஒளிர்ந்தது. கறுப்பு. வட்டம். அந்தப் பெண்.

"வந்துட்டா" என்று பேச்சியம்மாள் முகமெல்லாம் சிரித்தார். எழுந்துபோய் டீயைச் சுட வைத்து, டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து போனுக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் வைத்துவிட்டு நிமிர்வதற்குள் தெருவில் ஜீப் சத்தம் கேட்டது.

நான் வசந்த்தைக் கூப்பிட்டேன். "வராது மேடம், எடுத்து எவ்வளவு நாளாச்சு. வர வழியே இல்ல" என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

நந்தினி வாசலில் வந்து நின்றாள். துண்டு, சட்டை, சேலை எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். பேச்சியம்மாள் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, டீ ஆறிவிடாமல் டம்ளரை முந்தானையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். வாசல் பக்கம் திரும்பவே இல்லை.

"வாங்கக்கா, பஸ் ஏத்தி விடுறேன்" என்றாள் நந்தினி.

ஈரத்தோடு நடந்தோம். ஸ்டாப்பில் அதற்குள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள்.

"முந்தி அம்மா இங்கனதான் நிப்பாக. எறங்குனதும் என் கையப் புடிச்சுப் பாப்பாக, காலப் பாப்பாக. எனக்கு வெக்கமா இருக்கும், விடும்மாம்பேன். இப்ப வர்றதில்ல. நான் வந்தேனா இல்லையான்னே பாக்குறதில்லக்கா. அந்தப் படம் வந்துருச்சுன்னா அவுகளுக்குப் போதும்."

பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

"ஒண்ணு கேக்கவா? அந்த வட்டத்துக்குள்ள என் மூஞ்சியப் போட்டுருங்க."

"லூசாடி நீ! அந்த வட்டத்துல யாரப் போடுவாகன்னு தெரியும்ல?"

"தெரியும்" என்றாள். "அதுல இருந்தாத்தான் அம்மா பாக்குறாக."

சொல்லிவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றாள். தலைத்துண்டை அவிழ்த்தாள், நெற்றியில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள், முடியை ஒதுக்கினாள்.

"எடுங்கக்கா. சிரிக்கணுமா, சும்மா இருக்கணுமா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவள்மேலா, வசந்த்மேலா, அந்த அம்மாள்மேலா, என்மேலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று வீட்டுக்கே இழுத்துக்கொண்டு போனேன்.

"யம்மா! இங்கன பாருங்க!" என்று வாசலிலிருந்தே கத்தினேன். "அந்தப் போன விடுங்க. இவ வந்துருக்கா. இவதான் வந்துருக்கா!"

பேச்சியம்மாள் நிமிர்ந்தார். நந்தினியைப் பார்த்தார். பிறகு அவளுக்கு இடது பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தையும் பார்த்தார். இரண்டு இடத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் இருந்தது நந்தினிக்கு வலது பக்கம்.

"ஏன்த்தா சத்தம் போடுற? ரெண்டு பேரும் வந்தது எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு, அப்போதுதான் கண்ணில் பட்ட மாதிரி, "ஏடி, இப்படியா நனைஞ்சு வருவ?" என்று எழுந்தார். கொடியில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு வந்து, நந்தினியின் தலையில் போட்டு அழுத்தித் துவட்ட ஆரம்பித்தார். கழுத்தைத் துவட்டினார், காதைத் துவட்டினார், கையைப் பிடித்து விரல் விரலாகத் துவட்டினார். நந்தினி துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, அம்மாவின் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு தேம்பினாள்.

துவட்டிக்கொண்டே பேச்சியம்மாள் அந்த இடது பக்கம் திரும்பிச் சொன்னார்:

"நீ கொஞ்சம் பொறுத்துக்கத்தா. ஒனக்குத் தல காஞ்சுதான இருக்கு."